ஏர்பிரஷ் கம்ப்ரசரும் கடற்கரைக் காற்றின் தண்ணீர்க் கணக்கும்

"எத்தனை எச்பி வேணும்?" என்பதுதான் கம்ப்ரசர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி. ஏர்பிரஷைப் பொறுத்தவரை, அதாவது காற்றின் வேகத்தில் பெயின்டைப் பனியாகத் தூவும் பேனா அளவுக் கருவிக்கு, அது கடைசிக் கேள்வி. 0.3 மி.மீ. நாசில் (முனைத் துளை) போட்ட சாதாரண டபுள் ஆக்‌ஷன் பிரஷ் (ஒரே ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), 20 பிஎஸ்ஐ (சுமார் 1.4 பார்) அழுத்தத்தில், நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் காற்றைத்தான் குடிக்கும். கால் எச்பிக்கும் குறைவான மோட்டாரே இதைக் கொடுத்துவிடும். பட்டறையில் கார் கதவுக்கு ஸ்பிரே கன் பிடிப்பவரிடம் யோசனை கேட்டால் 2 எச்பி, 50 லிட்டர் என்பார். அவர் வேலைக்கு அது சரி. நமக்கு அது வெறும் இரைச்சல்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரையும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையும் ஏர்பிரஷ் பிடிக்கிறவர்களைக் குழப்புவது அழுத்தமோ வேகமோ அல்ல, தண்ணீர். வள்ளம் மாடல் செய்பவரோ, பாம்பன் தூக்குப் பாலத்தைச் சின்னதாகச் செய்பவரோ, சிப்பி வேலைக்கு நிறம் ஏற்றுபவரோ, கொலு பொம்மைக்குப் பூச்சு அடிப்பவரோ, எல்லோருக்கும் வருவது ஒரே புகார்: நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது 'பொட்'டென்று ஒரு சொட்டு விழுந்து, காயாத பெயின்ட் சிலந்தி மாதிரி ஓடிவிடுகிறது. இணையத்தில் கிடைக்கிற யோசனைகளில் பெரும்பாலானவை காய்ந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. அவர்கள் சின்ன வாட்டர் ஃபில்டரை மாட்டிவிட்டு அதை மறந்துவிடலாம். நம் கரையில் அது முடியாது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வாங்கும் முடிவு முழுவதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் இது சாதாரண நாள், ஐப்பசி கார்த்திகையில் விடியற்காலையில் இன்னும் மேலே போகும். அப்படியானால் கம்ப்ரசர் உறிஞ்சும் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. காற்றை அமுக்கினால் அதன் இடம் சுருங்கும், நீராவி தங்கும் இடமும் சுருங்கும். ஈரத்துணியை முறுக்குவது மாதிரிதான். எவ்வளவு இறுக்கமாக முறுக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர் வெளியே வரும். டேங்கில் 4 பார் காட்டினால் உள்ளே உண்மையில் இருப்பது 5 மடங்கு அமுங்கிய காற்று (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து). அது திரும்ப அறை வெப்பத்துக்கு ஆறினால் 24 கிராமில் 6 கிராம்தான் ஆவியாக நிற்கும், மீதி 18 கிராம் தண்ணீராக விழும். 8 பார் டேங்கில் நிற்பது வெறும் 3.4 கிராம்.

நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் காற்று ஓடினால் 720 லிட்டர். 4 பாரில் சுமார் 13 கிராம் தண்ணீர், அதாவது இரண்டரை டீஸ்பூன், கம்ப்ரசருக்கும் பிரஷுக்கும் நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் விழுந்தே தீரும். எங்கே விழ வைக்கிறோம் என்பதுதான் விஷயம். டேங்கில் விழுந்தால் நல்லது. ஃபில்டர் கிண்ணத்தில் விழுந்தால் பரவாயில்லை. ஹோஸில் விழுந்தால் அது மாடலின் மேல்தான் போய்ச் சேரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டரோடு வரும் கண்ணாடிக் கிண்ணம் நீராவியைப் பிடிக்காது. ஏற்கெனவே துளியாகிவிட்ட தண்ணீரை மட்டும்தான் அது சுழற்றி ஒதுக்கும். சூடான காற்று அதன் வழியாகப் போனால் ஆவி அப்படியே கடந்து, அடுத்த இரண்டு மீட்டர் ஹோஸில் ஆறி, அங்கே துளியாகும்.

டேங்க் இல்லாத கம்ப்ரசர் நம் கரைக்கு ஆகாது என்பது இதனால்தான். அது 20 பிஎஸ்ஐ காற்றை நேராக ஹோஸுக்குத் தள்ளுகிறது. 80 சதவீத ஈரக் காற்றை அந்த அழுத்தத்துக்கு அமுக்கினால் சுமார் 42 டிகிரிக்குக் கீழே வந்ததுமே தண்ணீர் கோக்க ஆரம்பிக்கும். பம்ப்பின் வாயில் காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது, அதனால் அங்கே மாட்டிய ஃபில்டர் காலியாகவே கிடக்கிறது. கையருகே வரும்போது 32 டிகிரி, அங்கே ஹோஸ் முழுக்க வியர்வை. 'ஃபில்டர்ல தண்ணியே இல்லை, ஆனா பிரஷ்ல சொட்டுது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரஷின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கையடக்க சார்ஜ் கம்ப்ரசர்களும் இதே கதைதான். நகத்துக்கும் கேக்குக்கும் சமாளிக்கலாம், மாடலுக்கு வேண்டாம்.

டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப்பு இருக்கிறதே, மீன்தொட்டி மோட்டார் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். முன்னது பத்து நிமிடத்தில் சூடேறி நிற்கும், பின்னதில் அழுத்தமே வராது.

3 லிட்டரா, 24 லிட்டரா

பொழுதுபோக்குக்காரர்கள் நடைமுறையில் தேர்ந்தெடுப்பது இரண்டில் ஒன்றை. ஏஎஸ்-186 என்ற மாடல் எண்ணோடு பல பெயர்களில் விற்கும் சின்னது ஒன்று: ஒற்றை பிஸ்டன், ஆயில் இல்லாதது, 3 லிட்டர் டேங்க், சுமார் 3 பாரில் தானாக ஓடத் தொடங்கி 4 பாரில் நிற்கும். மற்றொன்று பல் மருத்துவமனைகளில் பார்க்கிற சைலன்ட் வகை: 550 அல்லது 750 வாட், 24 அல்லது 30 லிட்டர் டேங்க், 8 பார், நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும் ஆயில்-ஃப்ரீ மோட்டார்.

சின்னதன் டேங்கில் 3 பாருக்கும் 4 பாருக்கும் நடுவே இருப்பு 3 லிட்டர் காற்றுதான். 12 லிட்டர் குடிக்கும் பிரஷை அழுத்திப் பிடித்தால் 15 விநாடியில் தீர்ந்துவிடும். அட்டையில் 20, 23 லிட்டர் என்று போட்டிருந்தாலும் அழுத்தத்துக்கு எதிராக அது உண்மையில் தருவது 15 முதல் 18 வரை. பிரஷ் குடித்தது போக மிச்சம் 6 லிட்டர் வைத்து டேங்கை நிரப்ப அரை நிமிடம். ஆக, அடிக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சின்ன டேங்க் செய்வது பிஸ்டனின் துடிப்பைத் தணிப்பதை மட்டும்தான்; அது காற்றுக் கிடங்கு அல்ல. காற்று அந்த டேங்கில் தங்கும் நேரத்தையும் கணக்கிடலாம்: சுமார் ஒரு நிமிடம். அதுவும் சூடான மோட்டாருக்கு நேர் கீழே. ஆறுவதற்கு அவகாசமே கிடையாது.

24 லிட்டரில் 5 பாரில் ஓடி 8 பாரில் நிற்கும்படி இருந்தால் இருப்பு 72 லிட்டர். ஆறு நிமிடம் மோட்டார் சத்தமே இல்லை. பிறகு ஒன்றரை நிமிடம் ஓடும். காற்று உள்ளே தங்குவது சுமார் 15 நிமிடம். அதற்குள் அறை வெப்பத்துக்கு ஆறி, தண்ணீரை டேங்கின் அடியிலேயே இறக்கி வைத்துவிடும். அப்புறம் 8 பாரில் இருந்து 20 பிஎஸ்ஐக்கு ரெகுலேட்டர் இறக்கும்போது காற்று விரிந்து இன்னும் காய்கிறது: ஹோஸுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே. 4 பார் டேங்கில் காற்று முழுதாக ஆறினாலும் ஹோஸில் 48 சதவீதம், டேங்க் இல்லாததில் முழு 100.

எனவே கடற்கரை வீட்டுக்குப் பெரிய டேங்கும் கூடிய அழுத்தமும் பிரஷுக்காக அல்ல, காற்றைக் காயவைப்பதற்காக. 20 பிஎஸ்ஐ வேலைக்கு 8 பார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விலையிலும் பல நேரம் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஏஎஸ்-186 வகைக்கு 'ஏர்பிரஷ்' என்ற பெயருக்காகவே ஒரு கூடுதல் விலை இருக்கிறது. தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஒண்டிக் குடித்தனம், அலமாரிக்குள் வைக்க வேண்டும் என்றால் மட்டும் சின்னதை எடுங்கள். எடுத்தால் அதன் ஹோஸில் ஒரு மாற்றம் செய்யவேண்டும், கீழே சொல்கிறேன்.

சத்தம் பற்றி ஒரு வரி: அட்டையில் போட்டிருக்கும் டெசிபலை நம்பாதீர்கள். 1400 சுற்று மோட்டார் உறுமும், 2800 சுற்று நேரடி டிரைவ் கத்தும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் மதியம் இரண்டு மணிக்குப் பின்னதை ஓட்டினால் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிடுவார்.

பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர்

காயலாங்கடையில் மலிவாகக் கிடைக்கிறது, சத்தமே இல்லை, பத்து பார் வரைகூட ஏறும். ஆசை வருவது இயல்பு. ஆனால் மூன்று சிக்கல் உண்டு, மூன்றும் நம் கரையில் கூடுதல். ஒன்று, அது ஆயிலில் மூழ்கி ஓடுவது. காற்றோடு ஆயில் பனியாக வெளியே வரும். பெயின்டில் அது விழுந்த இடத்தில் வட்டமாக விலகி 'ஃபிஷ் ஐ' குழி விழும். இரண்டு, மூடிய சுற்றில் ஓடுவதற்காகச் செய்த ஆயில் அது. ஈரக் காற்று தினமும் உள்ளே போனால் பால் நிறத்துக்குத் திரும்பி, வைண்டிங் வரை கெடும். மூன்று, இந்த மோட்டார்களுக்குத் தொடக்க இழுவை ரொம்பக் குறைவு. டேங்கில் அழுத்தம் இருக்கும்போது திரும்ப ஸ்டார்ட் ஆகாது, 'ம்ம்ம்' என்று முனகிக் கட்டாகும். பம்ப்பின் தலையில் உள்ள அழுத்தத்தை விடுவிக்கும் வால்வோடு உள்ள பிரஷர் சுவிட்ச், திரும்பும் காற்றைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, சேஃப்டி வால்வு, ஆயில் ஃபில்டர் என்று சேர்த்துக்கொண்டே போனால் மலிவு என்ற வாதம் காணாமல் போகும். அதையும் மீறிச் செய்வதானால் பழைய பிரிட்ஜில் இருந்து கழற்றும் வேலையை ஏசி மெக்கானிக்கிடம் விடுங்கள். இப்போதைய பிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பிடிக்கும் வாயு.

பழையது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கிளினிக்கில் கழித்த ஆயில்-ஃப்ரீ செட் மேல். அதைச் சோதிக்க ஸ்டாப்வாட்ச் போதும். 24 லிட்டர் டேங்க் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை விநாடி என்று பாருங்கள். டேங்க் லிட்டரை ஏறிய பாரால் பெருக்கினால் 48 லிட்டர்; அதற்கு ஒரு நிமிடம் பிடித்தால் நிமிடத்துக்கு 48 லிட்டர் தருகிறது, நமக்கு ஏராளம். இரண்டரை நிமிடம் பிடித்தால் பிஸ்டனின் டெஃப்லான் வளையம் தேய்ந்துவிட்டது அல்லது வால்வுத் தகடு உட்காரவில்லை. ஓடும் பிரஷில் பிரச்சினை தெரியாது, ஆனால் மோட்டார் ஓய்வின்றி ஓடிச் சூடேறும். புதியது வாங்கும்போதும் இதே சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். அட்டையில் இருக்கும் 120 லிட்டர் என்பது பிஸ்டன் துடைக்கும் அளவு. கையில் வருவது கிட்டத்தட்ட அதில் பாதி.

நிறுத்தும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். பிரஷர் சுவிட்ச் தலை அழுத்தத்தை விடுவிக்கும் சத்தம் அது. வராவிட்டால் அடுத்த தடவை மோட்டார் அழுத்தத்துக்கு எதிராகத் திணறித்தான் கிளம்பும். 'புஸ்' நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வில் துரு அல்லது பிசிறு மாட்டியிருக்கிறது, டேங்க் காற்று திரும்பி வருகிறது. கழற்றித் துடைத்தால் தீரும்.

டேங்குக்கும் கைக்கும் நடுவில்

மதுரைக்குப் போய் நியூமாட்டிக் (காற்றழுத்தச் சாமான்) கடையில் ஃபில்டர் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் எஃப்ஆர்எல் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) என்ற மூன்று கிண்ண செட். அதில் மூன்றாவது கிண்ணம் ஆயில் ஊற்றிக் காற்றோடு கலப்பது, ஏர் டூல்களுக்கானது. அதை மாட்டினால் ஆயில் இல்லாத கம்ப்ரசர் வாங்கியதே வீண். 'எஃப்ஆர் மட்டும், எல் வேண்டாம்' என்று கேட்டு வாங்குங்கள், 5 மைக்ரான் எலிமென்ட் இருந்தால் நல்லது. ரெகுலேட்டரிலும் ஒரு தேர்வு உண்டு. 0 முதல் 10 பார் வரை காட்டும் மீட்டரில் 1.2 பாருக்கும் 1.5 பாருக்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமன்தான். 0 முதல் 4 பார் உள்ள ரெகுலேட்டரும் மீட்டரும் கேளுங்கள். அழுத்தத்தை எப்போதும் பிரஷின் ட்ரிகரை அழுத்திக் காற்று போய்க்கொண்டிருக்கும்போதே வையுங்கள். சும்மா நிற்கும்போது 20 காட்டுவது காற்று போகும்போது 16, 17க்கு இறங்கும்.

ஃபில்டர் எங்கே என்பதற்கு ஒரே விதி: காற்று ஆறிய பிறகு. 24 லிட்டர் டேங்க் என்றால் டேங்க் வாயிலேயே ஃபில்டர் இருக்கலாம். 3 லிட்டர் வகையில் அதோடு வரும் ஃபில்டரைக் கழற்றி, டேங்கில் இருந்து 4, 5 மீட்டர் 8 மி.மீ. பியூ (பாலியூரித்தேன்) டியூப் இழுத்து, அதன் கடைசியில், வேலை மேசையின் ஓரத்தில், ஃபில்டரை ஆணியடித்து மாட்டுங்கள். டியூபுக்குப் பதில் ஏசி மெக்கானிக் கடையின் கால் அங்குலத் தாமிரக் குழாய் 3 மீட்டர் சுருட்டிப் போட்டால் இன்னும் வேகமாக ஆறும். எதுவானாலும் குழாய் ஃபில்டரை நோக்கிச் சரிவாக இருக்கட்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் குட்டை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி அடிக்கும். தாமிரச் சுருளைப் பானைத் தண்ணீரில் முக்கும் யோசனை காய்ந்த உள்மாவட்டத்துக்குச் சரி. நம் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் அறையைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும்.

கைப்பிடிக்குக் கீழே மாட்டும் குட்டி ஃபில்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அது கடைசிக் காவல், முதல் காவல் அல்ல. அதில் தண்ணீர் தெரிந்தால் முன்னால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

மரை அளவு: கம்ப்ரசர் பக்கம் வழக்கமாகக் கால் அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), ஏர்பிரஷ் ஹோஸ் பக்கம் எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பி. இடையே ஒரு அடாப்டர் போதும். இவாட்டா பிராண்டும் அதைப் பின்பற்றும் சீனப் பிரஷ்களும் இதில் அடங்கும். பேட்ஜர், பாஷே பிராண்டுகள் வேறு மரை, அவற்றுக்கான அடாப்டரை பிரஷோடு சேர்த்தே வாங்குவது நல்லது. பிளம்பர் கடை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளை மட்டும் போட்டுவிடாதீர்கள். கடற்கரையில் அதன் உள்பக்கம் துருப்பிடித்துப் பொடி உதிரும், 0.3 நாசிலை அடைக்க ஒரு துகள் போதும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று, முதல் மரையை விட்டுவிட்டு. நுனியில் சுற்றினால் பிசிறு உள்ளே போகும். வீட்டுக்குத் தண்ணீர் ஓடும் பிவிசி குழாயில் அமுங்கிய காற்றை ஒருபோதும் விடவேண்டாம், உடைந்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும். எல்லாம் மாட்டிய பிறகு 6 பார் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு மூட்டிலும் குமிழ் வருகிறதா பாருங்கள். மெல்லிய லீக் என்று விட்டால் மோட்டார் நீங்கள் அடிக்காதபோதும் ஓடிக்கொண்டிருக்கும்.

சிலிக்கா ஜெல் தேவையா? தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அடிப்பவருக்குத் தேவையில்லை. லாக்கர், 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிப்பவருக்கு உதவும். 4 பார் டேங்கில் இருந்து வரும் காற்றில் மணிக்கு 4.3 கிராம் ஆவி மிச்சம் இருக்கிறது. ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குடிக்கும் என்று கொண்டால் 100 கிராம் ஜெல் நான்கரை மணி நேரம் வரும். பிறகு 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வறுத்தால் திரும்பப் பயன்படும். நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு, உடலுக்கு ஆகாது. ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். சமைக்கிற ஓவனில் வேண்டாம். மழைக்காலம் முழுக்க லாக்கர் வேலைதான் என்றால் ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் நைட்ரஜன் சிலிண்டர் ஒரு நல்ல வழி: பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், நம் பிரஷுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல், துளி ஈரமும் இல்லை, துளி சத்தமும் இல்லை. ஆனால் ஜன்னல் சாத்திய அறையில் நைட்ரஜன் ஆளை மூச்சில்லாமல் சாய்க்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்த எண்ணமே கூடாது.

பழியைக் கம்ப்ரசர் மேல் போடுவதற்கு முன் ஒரு சோதனை. பெயின்ட் இல்லாமல் சுத்தமான பிரஷை முகம் பார்க்கும் கண்ணாடியில் இருந்து ஐந்து செ.மீ. தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காற்றை மட்டும் அடியுங்கள். புள்ளி புள்ளியாகத் தண்ணீர் தெரிந்தால் ஈரம். துடைத்தால் வானவில் மாதிரி இழுபட்டால் ஆயில். இரண்டும் இல்லாமல், அடித்த லாக்கர் மட்டும் பால்போல வெளுத்தால் கம்ப்ரசர் குற்றவாளி அல்ல. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது, அறைக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர், அல்லது வெயில் ஏறிய பிறகு காலை பதினொன்றுக்கு மேல் அடிப்பது, இதுதான் மருந்து. ஆயிரக்கணக்கில் செலவழித்து டிரையர் வாங்கினாலும் இது நிற்காது.

கரண்டும் உப்பும்

இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இறங்கும். 230 வோல்ட் 180 ஆனால் இழுவை 61 சதவீதம்தான் மிஞ்சும். கோடையில் இரவு ஏழு மணிக்குத் தெருவே ஏசி போடும்போது 750 வாட் கம்ப்ரசர் கிளம்பாமல் உறுமினால் காரணம் அதுவாகவே இருக்கும். கெபாசிட்டரை மாற்றும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இதை இன்னும் மோசமாக்கும். ஒயரை நீட்டுவதைவிட ஹோஸை நீட்டுங்கள். பத்து மீட்டர் பியூ டியூபில் நம் அளவு காற்றுக்கு அழுத்த இழப்பு பொருட்டே இல்லை, காற்று ஆறுவதற்கும் அதுவே நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் இந்த மோட்டாரைப் போடாதீர்கள். ஓடும்போது 5 ஆம்பியர் என்றாலும் கிளம்பும்போது அதுபோல் ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

பாம்பன் புதுப் பாலத்துக்கே பாலிசிலாக்சேன் பூச்சும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் போட வேண்டியிருந்தது. இரண்டு மி.மீ. தடிமன் தகடு டேங்க் எம்மாத்திரம்? சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தானாகவே தண்ணீர் இழுத்துக் கரையும். நம் கரையில் இரவெல்லாம் அந்த நிலைதான். எனவே மெஷின் மேல் படிந்த உப்பு தினமும் நனைகிறது. முதலில் போவது டேங்க் அல்ல, பிரஷர் சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளும், கெபாசிட்டரின் சொருகு முனைகளும். பச்சை பூத்து, சூடாகி, ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். சொருகிய முனைகளின் வெளிப்புறத்தில் வாசலின் மெல்லியதாகத் தடவினால் நீடிக்கும். வெளி உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பாலித்தீன் உறை போட்டு மூடினால் உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும், பழைய பருத்தி வேட்டி போதும்.

வைக்கும் இடம் கடலைப் பார்த்த திண்ணையாகவோ மொட்டைமாடிக் கொட்டகையாகவோ இருக்க வேண்டாம். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மணல்பொடி, கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாயில் உள்ள ஃபெல்ட் வடிகட்டியை அடைக்கும். அடைத்தால் நிரம்பும் நேரம் கூடும், தலை சூடேறும். மூன்று மாதத்துக்கு ஒரு ஃபெல்ட் மாற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறைப் பக்கமும் கூடாது, தாளிக்கும் எண்ணெய்ப் புகை பிரஷ் வரை வரும். பெயின்ட் அடிக்கும் அறையிலேயே வைத்தால் சுவிட்ச் பொறிக்கும் தின்னர் ஆவிக்கும் நெருக்கம் கூடிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் ஹோஸ் என்பதுதான் சரி.

டேங்கைத் தினமும் வடிக்க வேண்டும், வாரம் ஒருமுறை அல்ல. வேலை முடிந்ததும் அழுத்தம் 1, 2 பாருக்கு இறங்கும்வரை விட்டு, அடியில் உள்ள வால்வைத் திறந்தால் காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். வால்வு பெரும்பாலும் மிகத் தாழ்ந்த புள்ளியில் இருப்பதில்லை, டேங்கைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். தொழிற்சாலையில் போட்டு வரும் இறக்கைத் திருகு கைக்கு எட்டாது. எட்டாததால் யாரும் வடிப்பதில்லை. அதைக் கழற்றி ஒரு எல்போ, ஒரு முழம் டியூப், கடைசியில் கால் சுற்றுப் பந்து வால்வு ஒன்று போட்டுவிட்டால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே திறக்கலாம். வடித்த பிறகு அடுத்த நாள் வரை வால்வைத் திறந்தே விடுங்கள்.

முதல் சில மாதம் வரும் நீர் தெளிவாகவும், பிறகு லேசான தேநீர் நிறத்திலும் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். துருச் செதில்கள் வந்தால்தான் யோசிக்க வேண்டும். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், உப்பில் இறுகியிருந்தால் உடனே புதிது. டேங்கின் அடிப்பகுதியிலோ வெல்டிங் ஓரத்திலோ சோப்பு நுரையில் குமிழ் வந்தால் பட்டறையில் ஒட்டுப்போடக் கேட்காதீர்கள். ஒரு ஓட்டை தெரிகிற இடத்தில் சுற்றிலும் தகடு தாளாக மெலிந்திருக்கும், வெல்டிங் அதன் பக்கத்தில்தான் பிளக்கும். டேங்கை மட்டும் மாற்றலாம். பம்ப்பும் மோட்டாரும் ஒரே பலகையில் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதே அளவு டேங்க் கிடைத்தால் ஸ்பேனர் ஒன்றும் அரைமணி நேரமும் போதும். ரப்பர் புஷ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கடற்கரையில் அவையும் வெடித்துப் போயிருக்கும்.